"ஆண்டவர் பார்த்துக்குவார்" என்றால் என்னதான் அர்த்தம்?

பாம்பனில் இருந்து மூக்கையூர் வரை எந்தக் கிறிஸ்தவ வீட்டில் கெட்டது நடந்தாலும், பொழுது சாய்வதற்குள் யாராவது ஒருவர் வந்து சொல்லிவிடும் வாக்கியம் இது. படகு பிடிபட்டுப் போனாலும் இதுதான், பையனுக்குச் சிறுநீரகம் கெட்டாலும் இதுதான், யாவாரியிடம் வாங்கிய முன்பணம் கழுத்துக்கு வந்து நின்றாலும் இதுதான். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், கேட்பவரும் தலையை ஆட்டுகிறார். ஆனால் இரண்டு பேரும் ஒரே பொருளில்தான் பேசிக்கொள்கிறார்களா என்று பார்த்தால் அங்கேதான் சிக்கல். ஒருவருக்கு அதன் அர்த்தம் "கவலைப்படாதே, சரியாகிவிடும்". இன்னொருவருக்கு "அழாதே, அழுதால் விசுவாசக் குறைவு". இன்னும் ஒருவருக்கு "நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை". வேறொருவர் வாயால் இதைச் சொல்லிக்கொண்டே மனதுக்குள் "என்ன பாவம் செய்தார்களோ" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது என் சித்தப்பா வாடைக் காற்றுக் காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்றாம் நாள்தான் கரை ஒதுங்கினார். அந்த மூன்று நாளும் வீட்டில் ஜெபமாலை ஓடிக்கொண்டே இருந்தது. அடக்கம் முடிந்து வந்த இரவில் ஒருவர் சித்தியிடம், "இன்னும் கொஞ்சம் விசுவாசமா ஜெபிச்சிருக்கலாம்" என்றார். நல்லவர்தான் அவர், பந்தல் போட்டதும் கட்டுமரக்காரர்களைக் கூப்பிட்டுத் தேட அனுப்பியதும் அவர்தான். இருந்தாலும் அந்த வாக்கியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், அவ்வளவுதான். துன்பத்தில் கடவுளை நம்புவது என்று கிறிஸ்தவம் எதைச் சொல்கிறது என்பதை, பிள்ளைகள் கேட்ட கேள்விகளை வைத்தே எழுதிப் பார்க்கிறேன். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் படிக்கலாம், பழக்கமில்லாத சொல் வந்தால் அந்த இடத்திலேயே விளக்கிவிடுகிறேன்.

ஒரே சொல், இரண்டு பைபிள்

குழப்பத்தின் பாதி நம் மொழியிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு பைபிள் உண்டு. அப்பா கடலோரக் கத்தோலிக்கர், அம்மா ராமநாதபுரம் டவுனில் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பம். அப்பாவின் பைபிளில் 1 கொரிந்தியர் 13இன் கடைசி வசனத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று வரும். அம்மாவின் பழைய மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு". பார்த்தீர்களா, அப்பாவுக்கு முதலில் நிற்கும் சொல் அம்மாவுக்கு இரண்டாவதாக நிற்கிறது, அதுவும் வேறு பொருளில்! இருவரும் "நம்பிக்கை வேணும்" என்று ஒரே குரலில் சொல்வார்கள், ஆனால் ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள்.

இது போதாதென்று ஊர்ப் பேச்சில் மூன்றாவது பொருள் ஒன்று இருக்கிறது. "நம்பிக்கையா இரு, பாஸ் ஆயிடுவ" என்கிறோமே, அது. அங்கே நம்பிக்கை என்பது நல்ல முடிவு வரும் என்ற எண்ணம். கோயிலில் கேட்ட சொல்லுக்குத் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பொருளைக் கொடுத்துவிட்டால் எல்லாம் தடம் மாறிவிடும்.

அதனால் இந்தக் கட்டுரைக்கு மட்டும் இரண்டு சொல்லைப் பிரித்து வைத்துக்கொள்கிறேன். விசுவாசம் என்றால் ஓர் ஆளை நம்பி நம் பாரத்தை அவர்மேல் வைப்பது. எதிர்நோக்கு என்றால் அந்த ஆள் சொன்னது நடக்கும் என்று காத்திருப்பது. விசுவாசம் என்ற சொல்லை ஊரில் நாய்க்கும் சொல்கிறோம், அது தவறான இடம் இல்லை. ஒரு நாள் சோறு போடாவிட்டாலும் வாசலை விட்டுப் போகாமல் கிடக்கிறதே, அந்தப் பொருள் பைபிள் சொல்லிலும் இருக்கிறது. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் பிஸ்திஸ் என்ற சொல்லுக்கு நம்புவது, உண்மையாக இருப்பது என்று இரண்டு பக்கமும் உண்டு. ஜெப முடிவில் நாம் சொல்லும் ஆமென் எபிரேயத்தில் இருந்து வந்தது. "உறுதி" என்ற வேரில் பிறந்த சொல் அது. "இதன்மேல் நிற்கலாம்" என்று சொல்வதுபோல.

பழைய பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1914இல் திறந்த பாலம். சின்ன வயதில் அதில் போகும்போது கீழே தண்டவாளத்துக்கு இடையில் கடல் தெரியும், ரயில் ஊர்ந்துதான் போகும், நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். எதிர் சீட்டில் ஒருவர் முறுக்குத் தின்றுகொண்டு வருவார். பயந்த நானும் பயப்படாத அவரும் ஒரே நேரத்தில்தான் மண்டபம் சேர்ந்தோம். தாங்கியது பாலம், எங்கள் தைரியம் இல்லை. விசுவாசம் ஓர் உணர்ச்சி என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் உதாரணம் இதுதான். (1964 புயலில் அந்தப் பாலமே பிய்ந்துபோனது, 46 நாளில் சரிசெய்தார்கள். எந்த உதாரணமும் ஓர் இடத்தில் நின்றுவிடும், இது அங்கே நிற்கிறது.)

இதுவரை வந்தது இவ்வளவு: விசுவாசம் என்பது முடிவைப் பற்றிய கணிப்பு இல்லை, மனதில் எழும் தைரியமும் இல்லை. ஓர் ஆளின்மேல் பாரத்தை வைப்பது. பயத்தோடும் வைக்கலாம்.

நங்கூரம் எப்படிப் பிடிக்கிறது

எபிரெயர் நிருபம் 6:19 எதிர்நோக்கை "ஆத்தும நங்கூரம்" என்கிறது. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் நங்கூரத்தைச் செதுக்கி வைத்தது இன்றும் இருக்கிறது. டவுனில் இருப்பவர்களுக்கு அது ஓர் அழகான படம். கடற்கரைக்காரனுக்கு அது ஒரு இரும்புச் சாமான், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். அந்த வேலையில்தான் விஷயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நங்கூரம் தன் கனத்தால் படகைப் பிடித்து வைக்கிறது என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நாட்டுப்படகையும் அதன் நங்கூரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், ஒருவர் தோளில் தூக்கிப்போகும் இரும்பு அத்தனை பெரிய படகைக் கனத்தால் நிறுத்த முடியாது. அதன் கொக்கிகள் தரையில் குத்தி இறங்குவதால்தான் பிடிக்கிறது. குத்தி இறங்க வேண்டுமென்றால் இழுப்பு படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். கயிறைக் குட்டையாக விட்டால் அலை படகைத் தூக்கும்போதெல்லாம் நங்கூரத்தையும் நேர்மேலே தூக்கும், அது தரையை விட்டுக் கிளம்பிவிடும். நீளமாக விட்டால், ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, ஏழு மடங்கு விட்டால், இழுப்பு தரையோடு போகும், காற்று எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு ஆழமாகக் கொக்கி இறங்கும். காற்று கூடினால் அனுபவப்பட்டவர் கயிறை இன்னும் விடுவார், புதியவர் பயந்துபோய் இழுத்துக் கட்டுவார்.

இன்னொன்று. நங்கூரம் போட்டால் காற்று அடங்காது. படகு ஆடும், உள்ளே இருப்பவர்கள் வாந்தி எடுப்பார்கள், கயிறு எட்டும் அளவுக்குப் படகு அங்கும் இங்கும் சுற்றும். கரையில் இருந்து பார்க்கிறவருக்கு நங்கூரம் போட்ட படகும் போடாத படகும் ஒரேமாதிரிதான் தெரியும். வித்தியாசம் ஒன்றுதான், நங்கூரம் போட்டது பாரில், அதாவது கடலடிப் பாறையில், போய் மோதாது.

அந்த வசனத்தில் இந்த நங்கூரம் கடலுக்கு அடியில் போவதாகவும் இல்லை, "திரைக்குள்ளாகப்" போகிறதாம். திரை என்பது எருசலேம் ஆலயத்தின் கடைசி அறைக்கு முன் தொங்கிய துணி, கடவுள் இருக்கும் இடத்துக்கு அடையாளம். கொக்கி மாட்டியிருக்கும் இடம் நமக்கு வெளியே, கடவுளிடம் இருக்கிறது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். "என் விசுவாசம் பலமா இருக்கு" என்று தன் விசுவாசத்தையே நம்புகிறார்கள். அது நங்கூரத்தைப் படகுக்குள்ளேயே போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதுபோல. காற்று அடிக்காத வரைக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

முன்பணமா, உறவா

சரி, கடவுள்மேல் பாரம் வைப்பதற்கு ஆதாரம் என்ன? கிறிஸ்தவம் இதற்குச் சொல்லும் சொல் உடன்படிக்கை. கடவுள் மனிதரோடு தாமாக வந்து கட்டிக்கொண்ட உறவு என்று பொருள். இதை ஒப்பந்தத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

கரையில் ஒப்பந்தம் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். யாவாரி முன்பணம் கொடுப்பார், வலை வாங்கவோ இஞ்சின் வாங்கவோ. பதிலுக்கு மீனை அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. மீன் போடாவிட்டால் உறவு முறிந்தது. நம்மில் பலர் ஜெபத்தை இந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறோம்: நான் இத்தனை செபமாலை, இத்தனை உபவாசம் போட்டிருக்கிறேன், நீர் இதைச் செய்ய வேண்டும். நேர்த்திக்கடனைக் கேலி செய்ய நான் இதைச் சொல்லவில்லை, என் அப்பா வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவர். ஆனால் அவர் நடந்தது நன்றிக்காகவா முன்பணத்துக்காகவா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முன்பணம் என்றால், கேட்டது கிடைக்காத அன்றைக்கு ஏமாந்த யாவாரி மாதிரி ஆகிவிடுவோம்.

ஆதியாகமம் 15இல் கடவுள் ஆபிரகாமோடு உடன்படிக்கை செய்யும் காட்சி விசித்திரமானது. மிருகங்களைப் பிளந்து இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்கள், நடுவே புகையும் நெருப்பும் கடந்துபோகிறது. ஆபிரகாம் கடந்துபோகவில்லை, அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். வாக்குக் கொடுத்தவர் ஒருவர்தான் நடக்கிறார். இயேசு கடைசி இராவுணவில் கிண்ணத்தைக் கையில் எடுத்து "புதிய உடன்படிக்கை" என்று சொன்னதற்குப் பின்னால் இந்தக் கதையெல்லாம் இருக்கிறது.

இந்த உறவில் கடவுள் கொடுத்த வாக்கு என்ன என்பதையும் சரியாகப் படிக்க வேண்டும். சி.எஸ்.ஐ. பக்கம் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள், அந்த வருடத்துக்குக் கடவுள் தரும் வாக்கு என்று ஒரு பைபிள் வசனம் அதில் இருக்கும். எரேமியா 29:11 வந்தால் வீடே குதூகலம், "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அம்மா ஒருமுறை அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். அதற்கு முந்தைய வசனத்தை யாரும் மாட்டுவதில்லை: எழுபது வருடம் கழித்து என்று அங்கே இருக்கிறது. நாடு கடத்தப்பட்டுப் பாபிலோனில் கிடந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், சீக்கிரம் திரும்ப மாட்டீர்கள் என்பதுதான் அந்தக் கடிதத்தின் செய்தி. கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் அங்கேயே செத்திருப்பார்கள். வாக்கு பொய்யில்லை. ஆனால் இந்த வருடத்து அட்டை இல்லை அது.

சந்தியாகப்பரும் பேதுருவும்

எங்கள் கரையில் சந்தியாகப்பருக்குப் பெரிய பெயர். தங்கச்சிமடம் பக்கத்து வேர்க்காட்டில் அவருக்குக் கோயில், மூக்கையூரிலும் கோயில். அவர் திருநாள் ஜூலை 25. கொடியேற்றம் முதல் தேர் வரை வேறு மதத்தாரும் வந்து நிற்பார்கள். சந்தியாகப்பர் என்றால் யாக்கோபு, செபதேயுவின் மகன், யோவானின் அண்ணன், இயேசு கூப்பிட்டபோது வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த மீன்காரர். நம் ஆள்.

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இரண்டாவது வசனத்திலேயே ஏரோது ராஜா அவரை வாளால் வெட்டிவிடுகிறான். ஒரே வரி. அதே அதிகாரத்தில் பேதுருவையும் சிறையில் போடுகிறான், சபை ஜெபிக்கிறது, தூதன் வந்து சங்கிலி கழன்று கதவு தானாகத் திறந்து பேதுரு வெளியே வந்துவிடுகிறார். அதற்கு இருபது வரிக்கு மேல். ஒரே ராஜா, ஒரே ஊர், இயேசுவோடு ஒன்றாக நடந்த இரண்டு பேர். ஒருவர் பிழைத்தார், ஒருவர் பிழைக்கவில்லை. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று அந்தப் புத்தகம் எங்கேயும் சொல்லவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை.

இதை நான் முதன்முதலில் கவனித்தபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பிடிபடாமல் கரை சேர வேண்டும் என்று நாம் கொடி பிடிக்கும் புனிதர், பிடிபட்டு வெட்டுப்பட்டவர்! ஓரியூரில் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி தலை வெட்டப்பட்ட குரு அருளானந்தரும் (ஜான் டி பிரிட்டோ) அப்படித்தான். காப்பாற்றப்படாதவர்களின் பெயரைத்தான் இந்த ஊர் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் பாட்டிகளுக்கு இது உள்ளூரத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், நாம்தான் மறந்துவிட்டோம்.

பைபிளின் தானியேல் புத்தகத்தில் மூன்று பேர் எரிகிற சூளைக்கு முன் நின்று, தன் சிலையை வணங்கச் சொன்ன ராஜாவிடம், எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையை வணங்க மாட்டோம் என்கிறார்கள். "விடுவிக்காமற்போனாலும்" என்ற அந்தச் சொல்லில்தான் விசுவாசம் நிற்கிறது. அதற்கு முன்னால் உள்ள பாதியை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

சுருக்கமாக: கடவுள் காப்பாற்றுவார் என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் காப்பாற்றினால்தான் நம்புவேன் என்பது விசுவாசம் இல்லை. காப்பாற்றப்படாதவர் விசுவாசம் இல்லாதவர் என்பதும் பைபிள் பேச்சு இல்லை.

"என்ன பாவமோ"

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரயிலை அலை அப்படியே மூடியது. இப்போது அங்கே கூரையில்லாமல் நிற்கும் கிறிஸ்தவக் கோயில் சுவர் முன்னால் சுற்றுலா வருகிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊர் ஏன் அழிந்தது என்று கேட்டால் "ஏதோ பாவம்" என்று சொல்லும் பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள், லூக்கா 13இல் இருக்கிறது. எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று அவரே கேட்டு, "அப்படியல்ல" என்று அவரே பதில் சொல்கிறார். உடனே கேட்டவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். அடுத்தவர் பாவத்தை ஆராய்வதற்கு அங்கே இடம் கொடுக்கவில்லை.

பைபிளில் யோபு என்று ஒருவர், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்தவர். அவருடைய நண்பர்கள் ஏழு நாள் வாய் பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள், அது அவர்கள் செய்த நல்ல காரியம். பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள், கெட்டுப்போனது. கடைசியில் கடவுள் கோபப்படுவது கத்திக் கேள்வி கேட்ட யோபுவின்மேல் இல்லை, விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த ஒரு இடத்தையாவது படித்துவிட்டுப் போகலாம்.

அழுவது விசுவாசக் குறைவா

சங்கீதம் என்றால் பைபிளில் இருக்கும் ஜெபப் பாட்டு. அந்த 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். புலம்பல் என்பது நாம் வீட்டில் சொல்கிற மாதிரி வெறுமனே முனகுவது இல்லை. கடவுளைப் பார்த்து, கடவுளிடமே, கடவுளைப் பற்றிப் புகார் சொல்லும் ஜெபம் அது. ஒப்பாரியில் செத்தவரையே கூப்பிட்டு "என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்று சண்டை போடுவார்களே, கொஞ்சம் அதுபோல. உறவு இல்லாதவரிடம் யாரும் அப்படிச் சண்டை போடுவதில்லை.

13ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பித்து, கேட்டு, கெஞ்சி, கடைசியில் பாட்டுக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலான புலம்பல்கள் இப்படித் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல் இருள் என்பது, அத்தோடு பாட்டு முடிந்துவிடுகிறது. அதையும் வெட்டி எறியாமல் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். இயேசுவே சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் கத்தினார், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" இதை விசுவாசக் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

மாற்கு 4இல் வரும் புயல் கதை நம் கரைக்கென்றே எழுதியதுபோல இருக்கும். படகில் தண்ணீர் ஏறுகிறது, இயேசு "பின்னணியத்தில்" தலையணை வைத்துத் தூங்குகிறார். பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும் சொல் அது. அணியம் என்றால் படகின் முன்பக்கம் என்று நமக்குத் தெரியும், டவுன் பிள்ளைகளுக்கு அகராதி வேண்டும். சீடர்கள் மரியாதையாக எழுப்பவில்லை, நாங்கள் சாகிறது உமக்குக் கவலையில்லையா என்றுதான் கேட்கிறார்கள். அவர் எழுந்து முதலில் காற்றை அதட்டுகிறார். ஏன் பயப்பட்டீர்கள், விசுவாசம் எங்கே என்று சீடர்களைக் கேட்பது அதற்குப் பிறகுதான். எழுப்பினதற்காக யாரும் படகைவிட்டு இறக்கப்படவில்லை.

நங்கூரக் கயிறைப் பற்றிச் சொன்னேனே, புலம்பல்தான் அந்தக் கயிறு என்று எனக்குப் படுகிறது. இழுத்துக் கட்டி, எல்லாம் நன்மைக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தால் ஒரு பெரிய அலையில் பிடுங்கிக்கொண்டு போய்விடும். (ரோமர் 8:28 நடப்பதெல்லாம் நல்லது என்று சொல்லவில்லை, சகலமும் "நன்மைக்கு ஏதுவாக" நடக்கிறது என்கிறது. அதற்கு ஆறு வசனம் முன்னால் சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்றும் இருக்கிறது.)

கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் கடலுக்குப் போகிறவர்கள் யாரும் இந்தத் தவறைக் கடலில் செய்வதில்லை, கரையில்தான் செய்கிறார்கள். சர்க்கரை 400இல் இருக்கும், மாத்திரையை நிறுத்திவிட்டு "கர்த்தர் பார்த்துக்குவார்" என்பார்கள்.

அப்போஸ்தலர் 27இல், இயேசுவை ஊர் ஊராக அறிவித்துவந்த பவுல் கைதியாகக் கப்பலில் போகிறார். யூரோக்கிலிதோன் என்ற வடகிழக்குக் காற்று பிடித்துக்கொள்கிறது, நம் வாடை மாதிரி. பதினாலு நாள். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது, கப்பல் மட்டும் போகும் என்று கடவுள் சொல்லிவிட்டதாகப் பவுல் அறிவிக்கிறார். அதன்பிறகு எல்லாரும் படுத்துத் தூங்கினார்களா? விழுதுவிட்டு ஆழம் பார்க்கிறார்கள், இருபது பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்), கொஞ்சம் போனதும் பதினைந்து பாகம். பின்னணியத்தில் இருந்து நாலு நங்கூரம் போடுகிறார்கள். மாலுமிகள் சிறு படகில் தப்பிக்கப் பார்க்கிறார்கள், இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று வாக்கைக் கொண்டுவந்த பவுலே தடுக்கிறார். சாப்பிடுங்கள் என்று அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிறார். கோதுமையைக் கடலில் கொட்டுகிறார்கள். கடைசியில் கப்பல் உடைந்து, நீந்தத் தெரிந்தவர் நீந்தியும் மற்றவர் பலகையைப் பிடித்துக்கொண்டும் 276 பேரும் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். வாக்கும் இருந்தது, வேலையும் இருந்தது. ஆண்டவர் பார்த்துக்கொண்டது பலகை வழியாக.

பாடு

இதை எங்கே சொல்வது என்று தெரியாமல் கடைசிக்கு வைத்தேன். கரையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது, "இன்னைக்குப் பாடு எப்படி?" பாடு என்றால் பிடிபட்ட மீன், அன்றைய வருமானம். அதே சொல்லைத்தான் பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் கேட்கிறோம், கிறிஸ்துவின் பாடுகள். கஷ்டப்பட்டதும் பாடு, கிடைத்ததும் பாடு. மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையன் "சார், அவருக்கு அன்னைக்குப் பாடே இல்லையா?" என்று கேட்டு எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

துன்பம் ஏன் என்ற கேள்விக்குக் கிறிஸ்தவத்திடம் முழு விடை இல்லை. அப்படி இருப்பதாகச் சொல்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அது காட்டுவது ஓர் ஆளை: கடவுளே துன்பத்துக்குள் இறங்கினார், செத்தார், மூன்றாம் நாள் எழுந்தார் என்று. இவரைத்தான் நம்பச் சொல்கிறது. இவரை நம்புகிறவர், தான் படும் கஷ்டத்தைக் கடவுள் வெளியில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை என்று நம்புகிறார். நம்பாதவருக்கு இது போதாது, அதுவும் எனக்குப் புரிகிறது.

என் சித்தி சித்தப்பா போன பிறகு ஒரு ஞாயிறுகூடத் திருப்பலிக்கு வராமல் இருந்ததில்லை. பின் வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்காருவார், பாட மாட்டார். எல்லாரும் சேர்ந்து தங்கள் நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது "மூன்றாம் நாள்" என்று வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்வார். அவருக்கு மூன்றாம் நாள் என்றால் வேறு. அந்த ஒரு வரியைச் சுற்றி இருந்தவர்கள் சொல்லி முடித்ததும் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது அது புரியவில்லை, சித்திக்கு விசுவாசம் போய்விட்டது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா, "வாராள்ல?" என்று மட்டும் கேட்டார்.

எப்போது மறுபடியும் அந்த வரியைச் சொல்ல ஆரம்பித்தார் என்று நான் கவனிக்கவில்லை. கேட்டதும் இல்லை.

சித்தப்பாவின் படகை விற்றாயிற்று. அதோடு போகாத பழைய நங்கூரம் ஒன்று மட்டும் வீட்டுப் பின்பக்க மணலில் கிடக்கிறது, துருப்பிடித்து, அதில்தான் ஆட்டைக் கட்டுகிறார். போன வாரம் போயிருந்தபோது வேப்பமர நிழல் நகர்ந்துபோய் ஆடு வெயிலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. சித்தி உள்ளே மீன் அரிந்துகொண்டே குரல் கொடுத்தார்: "தம்பி, நங்கூரத்தத் தூக்காத, கயித்த மட்டும் கொஞ்சம் நீட்டி விடு."